முதல் ரூபாய் வரும்வரை

திருவனந்தபுரத்துத் தம்பானூரில் ரயிலடிக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஒரு சாலைதான் கிடக்கிறது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து வேலைக்கு வருகிறவர்கள் இறங்கும் இடம் அது. கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறவர்கள் ஏறும் இடமும் அதுவே. 1956 நவம்பர் 1 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில்தான் இருந்தன. அதனால் திருவனந்தபுரத்தின் சமையற்கட்டுகளிலும் தையற்கடைகளிலும் சாலைக் கம்போளம் என்னும் சந்தையின் சுமைகளுக்கு நடுவிலும் தமிழ் கேட்பது பல தலைமுறைப் பழக்கம்.

இந்த வட்டாரத்தில் ஒருவருக்கு வேலை போய்விட்டால் அதைச் சொல்ல இரண்டு சொற்கள் உண்டு. "நின்னுட்டாரு" என்பது ஒன்று. "நிறுத்திட்டாங்க" என்பது மற்றொன்று. தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள வேறுபாடுதான். வேலையில்லாத நாட்களுக்குப் பணம் வருமா வராதா என்பது அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறது.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் (இ.எஸ்.ஐ.) இணையதளத்தில் முதலாளி மாதாமாதம் சந்தா விவரம் ஏற்ற வேண்டும். ஒரு தொழிலாளிக்கு வேலை நாள் பூஜ்யம் என்று போட்டால், கூடவே காரணத்துக்கு ஓர் எண் போட வேண்டும். 2 என்றால் வேலையை விட்டுப் போனவர். 10 என்றால் ஆட்குறைப்பு. 11 என்றால் வேலை இல்லை. மாதக் கடைசி அவசரத்தில் கணக்குப் பார்ப்பவர் 2 என்று தட்டிவிட்டால், நிறுத்தப்பட்டவர் நின்றவராகிவிடுகிறார். தானாக நின்றவருக்கு உதவித்தொகை கிடையாது. அந்த எண்ணைத் தொழிலாளியிடம் யாரும் காட்டுவதில்லை. கிளெய்ம் திரும்பி வந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிகிறது.

வேலையிழப்பு உதவி என்றாலே எத்தனை சதவீதம், எத்தனை மாதம் என்று பேசிப் பழகிவிட்டோம். நான் அளந்து பார்க்க விரும்புவது வேறு. வேலை போன நாளுக்கும் முதல் ரூபாய் கைக்கு வரும் நாளுக்கும் இடையே எத்தனை நாள்? அந்த நாட்களில் அவர் எதைச் செய்யலாம், எதைச் செய்தால் வில்லங்கம்? இடையில் ஒரு வேலை கிடைத்துப் போனால் எதை இழக்கிறார்? நம்முடைய சட்டங்களையும் திட்டங்களையும் இந்த மூன்று கேள்விகளோடு வரிசையாக நிறுத்திப் பார்த்தால், காத்திருப்பின் செலவு முழுவதையும் தொழிலாளியின் தலையிலேயே நாம் ஏற்றியிருப்பது தெரியும்.

அரசியலமைப்பின் 41-ஆவது கூறு, அரசு தன் பொருளாதார வலுவுக்கு உட்பட்டு, வேலையின்மை, முதுமை, நோய் ஆகியவற்றில் பொது உதவி பெறும் உரிமைக்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது. நீதிமன்றம் போய்க் கேட்டு வாங்கக்கூடிய உரிமை அது இல்லை, வழிகாட்டு நெறி. நடைமுறைச் சட்டம் என்று பார்த்தால் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்துக்கு 1953-இல் வந்த திருத்தம்தான் முதலில் நிற்கிறது. தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாதபோது அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத முன்னறிவிப்பும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளமும். லே-ஆப் பாதிச் சம்பளத்துக்கு அதிலேயே ஒரு நிபந்தனையும் இருந்தது: தொழிலாளி தினமும் ஒரு தடவை, குறித்த நேரத்தில் வேலையிடத்துக்கு வந்து முகம் காட்ட வேண்டும். ஐந்து மைல் சுற்றளவில் அதே முதலாளி வேறு வேலை கொடுத்து அதை மறுத்தாலும் பணம் இல்லை. ஆக, காத்திருப்பதே ஒரு வேலையாக அன்றைக்கே விதிக்கப்பட்டது. அந்த நேரத்தில் அவர் வேறு வேலை தேடிப் போக முடியாது. பின்னால் வந்த திட்டங்கள் பலவற்றிலும் இந்த மனப்பான்மையின் சாயல் இருக்கிறது.

பெயரளவிலும் பொருளளவிலும் வேலையின்மைக் காப்பீடு என்று சொல்லத்தக்கது 2005 ஏப்ரல் 1-இல் இ.எஸ்.ஐ. மூலம் வந்த ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா. ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத விபத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலை இழந்தவருக்கு அது. முதலில் ஆறு மாதம் என்று தொடங்கி, பிறகு ஓராண்டாகி, பின்னர் 24 மாதம் வரை நீண்டது. முதல் ஆண்டு சம்பளத்தில் பாதி, அடுத்த ஆண்டு கால் பங்கு. தாளில் தாராளமானது. ஆனால் மூடலும் ஆட்குறைப்பும் தொழில் தகராறு சட்டத்தின் முறைப்படி நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனையாக இருந்தது. தம்பானூர் ஓட்டலில் மேலாளர் கூப்பிட்டு, "நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்று சொல்வது எந்த முறையில் சேரும்? நோட்டீஸும் இல்லை, உத்தரவும் இல்லை. முறைப்படி வேலை பறிக்கப்படாதவருக்கு முறைப்படி உதவியும் இல்லை என்றாகிறது.

அந்த இடைவெளியை அடைக்க 2018 ஜூலை 1-இல் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா வந்தது, இரண்டாண்டுப் பரிசோதனைத் திட்டமாக. சராசரி நாள் வருமானத்தில் 25 சதவீதம், வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்கு மட்டும். வேலை போய் 90 நாள் கழிந்த பிறகுதான் கேட்கவே முடியும். மூன்று மாதம் வருமானமில்லாமல் உயிரோடிருந்து காட்டினால் கால் பங்குச் சம்பளம் என்று பொருள். கேட்டவர்கள் குறைவு என்பதில் வியப்பில்லை.

கொரோனா வந்துதான் அது மாறியது. 2020 ஆகஸ்ட் 20-இல் கூடிய இ.எஸ்.ஐ. கழகத்தின் 182-ஆவது கூட்டம், உதவியை 50 சதவீதமாக்கியது. காத்திருப்பை 90 நாளிலிருந்து 30 நாளாகக் குறைத்தது. முதலாளி கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்ற தேவையை எடுத்துவிட்டு, தொழிலாளியே நேராகக் கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம் என்றது. கொடுத்த 15 நாளில் தீர்க்க வேண்டும் என்றும் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் கேட்டார்கள். ஆவணங்களை இணையத்தில் ஏற்றியவர்களுக்கு அதுவும் அதே ஆண்டு நவம்பரில் நீக்கப்பட்டது. முதலில் 2020 டிசம்பர் 31 வரை என்று கொடுத்த தளர்வு, பிறகு தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டது. இந்தத் திருத்தங்களில் சதவீதம் கூடியதைவிட நான் பெரிதாகக் கருதுவது முதலாளியின் கையெழுத்து போனதைத்தான். வேலையை விட்டு அனுப்பியவரிடமே போய், "நீங்கள்தான் அனுப்பினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கும் நிலை எவ்வளவு கடினமானது என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனாலும் காரண எண் முதலாளி கையில்தான் இருக்கிறது. கையெழுத்து முன்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வந்துவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தம்பானூர் ஓட்டல் ஒன்றில் மாதம் 15,000 ரூபாய்க்கு இரண்டாண்டு இடைவிடாமல் வேலை பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. உண்டு. 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். இவர் சம்பளத்தில் மாதம் ஏறத்தாழ 113 ரூபாய் பிடிக்கிறார்கள். வேலை ஜூன் 1-இல் போகிறது. 30 நாள் முடிந்தால்தான் உரிமையே பிறக்கிறது. வரப்போகும் நாட்களுக்காக முன்கூட்டிக் கேட்க வழியில்லை. ஜூலை தொடக்கத்தில் கேட்டு, எந்தக் கேள்வியும் எழாமல், 15 நாளில் தீர்ந்தால் ஜூலை நடுவில் ஜூன் மாதத்துக்கான பணம் வரும்.

எவ்வளவு? கடந்த நான்கு சந்தாக் காலங்களின், அதாவது இரண்டாண்டின், மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுத்து வருவதுதான் நாள் சராசரி. 3,60,000-ஐ 730-ஆல் வகுத்தால் 493 ரூபாய். அதில் பாதி 246 ரூபாய் சொச்சம். 90 நாளுக்கு ஏறத்தாழ 22,000. இந்த 730-தான் கவனிக்க வேண்டிய இடம். அதே ஆள் அந்த இரண்டாண்டில் ஓராண்டுதான் சந்தா கட்டும் வேலையில் இருந்தார் என்றால், சம்பளம் அதேதான். வகுக்கும் எண்ணும் அதேதான். கிடைப்பதோ நாளுக்கு 123 ரூபாய். திட்டத்தில் சேரத் தேவையான தகுதி தளர்த்தப்பட்டது உண்மை. வேலை போவதற்கு முந்தைய சந்தாக் காலத்தில் 78 நாள், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள் இருந்தால் சந்தா நாள் கணக்குக்குப் போதும். ஆனால் வாசலை அகலமாக்கியவர்கள் வகுக்கும் எண்ணை மாற்றவில்லை. விட்டுவிட்டு வேலை கிடைக்கும் ஏழைக்குத்தான் இதில் நட்டம் அதிகம்.

இனி அந்த 30 நாளுக்கு வருவோம். அந்த ஒரு மாதத்தில் அறை வாடகை நிற்காது. ஊரில் கட்டும் சீட்டு நிற்காது. ஆகவே அவர் கல்யாணச் சமையலுக்கு உதவிக்குப் போவார், மூட்டை தூக்குவார், தெரிந்தவர் கடையில் இரண்டு நாள் நிற்பார். வேலையில்லாதவர் சும்மா உட்கார்ந்திருப்பார் என்பது வீட்டில் சேமிப்பு உள்ளவர்களின் கற்பனை. ஆனால் விண்ணப்பத்தில், இந்த நாட்களில் வருமானம் தரும் வேலை எதிலும் இல்லை என்று உறுதி கூற வேண்டும். பொய்த் தகவல் கொடுத்துப் பணம் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம் என்று 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் அதன் 84-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. இரண்டு நாள் சாம்பார் வாளி தூக்கியது வேலையா? அதற்கு வாங்கிய 1,600 ரூபாய் வருமானமா? அதைச் சொன்னால் அந்த இரண்டு நாள் மட்டும் கழிக்கப்படுமா, அல்லது 30 நாள் எண்ணிக்கையே திரும்ப முதலிலிருந்து தொடங்குமா? ஒரு சாதாரணத் தொழிலாளி கையில் வைத்துப் படித்துத் தெளியும்படி எங்கும் இது எழுதப்படவில்லை. தெளிவில்லாத இடத்தில் நேர்மையானவர் பயந்து கிளெய்மையே விட்டுவிடுகிறார்.

நிலையான வேலைக்குத் திரும்பினால் விதி தெளிவாக இருக்கிறது. வேலை போன நாளிலிருந்து மறுவேலைக்கு முந்தைய நாள் வரை, தெளிவாக வேலையின்றி இருந்த நாட்களுக்குப் பணம் உண்டு. 60 நாளில் வேலை கிடைத்தால் 60 நாளுக்கு. ஆனால் 26-ஆம் நாள் வேலை தேடிக்கொண்டவருக்கு அந்த 25 நாளுக்கு எதுவும் கிடையாது. முயன்று சீக்கிரம் வேலை பிடித்தவர் வெறுங்கையோடு போகிறார். ஒரு திட்டம் எதை விரும்புகிறது என்பதை அதன் முகவுரையில் தேடக்கூடாது, இப்படிப்பட்ட ஓரங்களில்தான் தேட வேண்டும்.

காத்திருப்பை நீட்டுவதில் பெயருக்கும் ஒரு பங்கு உண்டு. இது தமிழர்களுக்கே உரிய தொல்லை. ரேஷன் கார்டில் மு. செல்வம், பாஸ்புக்கில் செல்வம் எம், ஆதாரில் செல்வம் முருகன். மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும். கணினிக்கு மூன்று ஆட்கள். முதலெழுத்தை அப்பா பெயராக விரித்து எழுதியதால் திரும்பி வந்த கிளெய்மைச் சரிசெய்ய, வேலையில் இருந்த காலத்திலேயே முதலாளி வழியாகத் திருத்தியிருந்தால் ஒரு மணி நேர வேலை. வேலை போன பிறகு என்றால் தக்கலைக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே பல பயணங்கள், இடையில் கேரள அரசின் அக்ஷயா இணையச் சேவை மையத்தில் வரிசை. படிவத்தின் மொழி ஆங்கிலம் அல்லது இந்தி, கவுன்டரின் மொழி மலையாளம், கேட்பவரின் மொழி தமிழ்.

கேரளத்துக்கென்று தனியாக ஓர் ஏற்பாடும் உண்டு. 1982-ஆம் ஆண்டு விதிகளின்படி வந்த அதை மலையாளத்தில் தொழிலில்லாய்ம வேதனம் என்பார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும், 18 வயதுக்குப் பிறகு எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் மூன்றாண்டு பதிவு இருக்க வேண்டும், வயது 35-க்குள், குடும்ப ஆண்டு வருமானம் 12,000-க்குள். கிடைப்பது மாதம் 120 ரூபாய். பஞ்சாயத்து, நகராட்சிகள் வழியாக, பெரும்பாலும் நிலுவையாகச் சேர்த்துத்தான் வருகிறது. ஆண்டுக்கு 12,000 என்றால் மாதம் 1,000 ரூபாய். இன்றைய கேரளத்தில் அந்த வருமானத்தில் ஒரு குடும்பம் இருக்குமா என்று யாரும் யோசிக்கலாம். வருமான வரம்பையும் தொகையையும் காலத்தோடு நகர்த்தாமல் விட்டால் ஒரு திட்டம் யாரும் ஒழிக்காமலேயே ஒழிந்துபோகும். தமிழ்நாட்டில் வரம்பு 72,000; தொகை கல்விக்கு ஏற்ப 200 முதல் 600 ரூபாய் வரை, மூன்றாண்டு மட்டும்; அதற்கு முன் ஐந்தாண்டு பதிவுமூப்பு வேண்டும். இரண்டு மாநிலத்திலும் இது வேலை போனவருக்கு ஆனதல்ல, வேலையே கிடைக்காதவருக்கு ஆனது. அங்கும் நுழைவுக் கட்டணம் காத்திருப்புதான்: கேரளத்தில் மூன்றாண்டு, தமிழ்நாட்டில் ஐந்தாண்டு.

இத்தனை கதவுகளும் இப்படி இருப்பதால், வேலை போனவர் முதலில் போய் நிற்பது பி.எஃப். வாசலில்தான். அது அவருடைய சொந்தப் பணம், முதுமைக்குச் சேர்த்தது. 2018 டிசம்பரில் வந்த திருத்தம், ஒரு மாதம் வேலையில்லாமல் இருந்தால் 75 சதவீதத்தை எடுக்க அனுமதித்தது. மீதிக்கு இரண்டு மாதம். 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது. 75 சதவீதம் உடனே, முழுக் கணக்கையும் முடிக்க 12 மாதம் வேலையில்லாமல் இருக்க வேண்டும், பென்ஷன் தொகையை எடுக்க 36 மாதம். இதை எதிர்த்தவர்களின் கோபம் புரிகிறது, ஏனென்றால் வேலையிழந்த காலத்தில் வேறு போக்கிடம் இல்லை. ஆனாலும் நான் அந்த முடிவின் நோக்கத்தை முழுக்கத் தள்ள மாட்டேன். ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் முழுதாக எடுத்துவிடுகிறவர், பென்ஷனுக்குத் தேவையான பத்தாண்டுச் சேவையை ஒருபோதும் எட்டுவதில்லை. ஐம்பத்தெட்டு வயதில் அவர் கையில் இருப்பது பல முறை காலியான ஒரு கணக்கு. குற்றம் அவருடையது இல்லை. வேலையின்மைக்கு முறையான உதவி இருந்தால் முதுமைக்கு வைத்ததை அவர் ஏன் உடைக்கப்போகிறார்?

பி.எஃப். கதவிலும் தேதிதான் பூட்டு. வேலை முடிந்த தேதியை முதலாளி ஏற்றாமல் விட்டால் கிளெய்ம் நகராது. 2020 ஜனவரியிலிருந்து, கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளியே அந்தத் தேதியை ஏற்றிக்கொள்ளலாம். முழுமையான கிளெய்மை 20 நாளில் தீர்க்க வேண்டும் என்பது திட்டத்திலேயே உள்ள விதி. இது தெரியாமல் பழைய முதலாளியின் வாசலுக்கு நடந்துகொண்டிருப்பவர்கள் ஏராளம்.

கடைசிச் சம்பளத்துக்கான விதியையும் சேர்த்துப் பாருங்கள். வேலையை விட்டு நீக்கினால் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டும் என்று 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடா சட்டம் சொன்னது. புதிய ஊதியச் சட்டத் தொகுப்பு, ராஜினாமா செய்தவருக்கும் அதையே சொல்கிறது. பணிக்கொடைக்கு 30 நாள். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பில், ஆட்குறைப்புக்கு உள்ளானவருக்கு 15 நாள் சம்பளத்துக்கு ஈடான மறுபயிற்சித் தொகை, 45 நாளுக்குள் கணக்கில் சேர வேண்டும். இ.எஸ்.ஐ.யின் 30 நாளையும் சேர்த்தால் 2, 30, 30, 45 என்று நாட்கள் தனித்தனியாக ஓடுகின்றன. தனித்தனி அலுவலகம், தனித்தனிப் படிவம். ஒரே நாளில் நடந்த ஒரே இழப்பை நான்கு இடத்தில் நிரூபிக்க வேண்டும்.

இந்தக் கணக்கு எதிலுமே வராதவர்களும் உண்டு. இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுரைக்கு மேலே போனக்காடு எஸ்டேட். தேயிலைத் தொழிற்சாலை இயங்கவில்லை. லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் நிலுவைக்கும் பணிக்கொடைக்கும் காத்திருந்தே முதுமை எய்தின. 2000-த்தை ஒட்டிப் பீருமேட்டுத் தோட்டங்கள் மூடியபோதும் இதே கதை. தோட்டத் தொழிலாளர்கள் அப்போது இ.எஸ்.ஐ.க்குள் இல்லை. முறைப்படி மூடல் அறிவிப்பும் இல்லை என்றால், சட்டத்தின் கண்ணில் அவர்கள் வேலை இழந்தவர்களே இல்லை. வேலையும் இல்லாதவர்கள், வேலையின்மையும் இல்லாதவர்கள். மூடிய தோட்டங்களுக்கும் முந்திரி ஆலைகளுக்கும் கேரள அரசு ஓணத்துக்குக் கொடுக்கும் கருணைத்தொகையும் அரிசியும் அவர்களுக்கு ஆண்டில் ஒரு வாரத்தைக் கடக்க உதவும்.

பஸ் ஸ்டாண்டுக்கே திரும்பி வருவோம். 2018 டிசம்பரில் கேரள உயர்நீதிமன்ற உத்தரவின்படி கே.எஸ்.ஆர்.டி.சி. 3,800-க்கும் மேற்பட்ட எம்பேனல் என்னும் தற்காலிகக் கண்டக்டர்களை ஒரே அடியாக வெளியே அனுப்பியது. பத்தாண்டு டிக்கெட் கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் இடத்துக்கு வர வேண்டியவர்களோ பி.எஸ்.சி. தேறி, நியமன ஆணைக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள். இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. ஒருவரின் காத்திருப்பு முடிந்த நாளே மற்றவரின் காத்திருப்பு தொடங்கிய நாள். அந்த மாறுதல் காலத்துக்கென்று ஒரு சம்பளப் பாலம் இருந்திருந்தால் நீதிமன்றத்தின் தீர்ப்பு இவ்வளவு கொடுமையாக இறங்கியிருக்காது.

அந்த ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே, லாரி பேக்கர் செங்கல்லில் சுருளாகக் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் நிற்கிறது. கட்டடத்தைப் படமெடுக்க வருகிறவர்களில் அதன் வரலாறு அறிந்தவர்கள் குறைவு. 1950-களில் காபி போர்டு தன் காபி ஹவுஸ்களை மூட முடிவு செய்து ஊழியர்களை வெளியேற்றியபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் முன்னின்று அவர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம், 1958-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் காபி ஹவுஸ். ஆட்குறைப்பு செய்யப்பட்டவர்கள் உதவித்தொகைக்குக் காத்திருக்காமல் தாங்களே முதலாளிகளாகி வேலைக்குத் திரும்பிய கதை அது. ஆனால் எல்லாரையும் அப்படிச் செய்யச் சொல்ல முடியாது. அவர்களுக்கு ஒரே இடத்தில் வேலை பார்த்த பழக்கம் இருந்தது, சங்கம் இருந்தது, தலைவர் இருந்தார். ஆறு பேர் வேலை செய்யும் ஓட்டலில் தனியாக நிறுத்தப்பட்டவருக்கு அவை எதுவும் இல்லை. பத்துப் பேருக்குக் குறைந்தால் இ.எஸ்.ஐ.கூடக் கட்டாயமில்லை.

வெளிநாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? பிரிட்டனின் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் வாரம் 7 ஷில்லிங், 15 வாரம் வரை என்று தொடங்கியது; முதல் ஒரு வாரம் காத்திருப்பு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1952-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் ஒரு வேலையிழப்புக்கு ஏழு நாள் காத்திருப்பையே அளவாக வைத்தது. இன்றைய பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் உதவியின் முதல் தவணைக்கு ஐந்து வாரமாகிறது. அதன் விளைவாகக் கடனும் வாடகைப் பாக்கியும் ஏறுவதாக அங்கே கடும் விமர்சனம் உண்டு. ஆனால் ஒன்றை அவர்கள் சரியாகச் செய்திருக்கிறார்கள். இடையில் சம்பாதித்தால் உதவி அறுந்துவிடாது. வேலைக்கான விலக்குத்தொகை போக, ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறையும், அவ்வளவுதான். சிங்கப்பூர் 2025 ஏப்ரலில் தொடங்கிய உதவியில் ஆறு மாதத்துக்கு 6,000 வெள்ளி வரை. முதல் மாதம் 1,500, பிறகு படிப்படியாக இறங்குகிறது. தேவை அதிகமான முதல் மாதத்தில் தொகையும் அதிகம்.

தம்பானூருக்கு லண்டனைவிடத் துபாய் பக்கம். ஐக்கிய அரபு அமீரகம் 2023 ஜனவரி 1 முதல் வேலையிழப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை உள்ளவர் மாதம் 5 திர்ஹம் கட்டுகிறார். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால், வேலை போனபின் மூன்று மாதம் வரை அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம். 30 நாளுக்குள் கேட்டாக வேண்டும். அங்கே 30 நாள் என்பது கேட்பதற்கான கடைசி நாள்; இங்கே 30 நாள் என்பது கேட்கக்கூடிய முதல் நாள். ஆனால் நாட்டை விட்டுக் கிளம்பினால் அங்கும் பணம் நின்றுவிடும். சந்தா கட்டியவர் கையில் ஒன்றுமில்லாமல் விமானம் ஏறி, தம்பானூருக்குப் பக்கத்திலேயே தைக்காட்டில் உள்ள, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான நோர்க்கா அலுவலகத்தில் மறுவாழ்வுக் கடனுக்கு விண்ணப்பிக்கிறார். அங்கும் ஒரு காத்திருப்பு.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருந்தது. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலை கேட்ட 15 நாளில் கொடுக்காவிட்டால் மாநில அரசு படி கொடுக்க வேண்டும் என்றது. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், பிறகு பாதிக்குக் குறையாமல். நடைமுறையில் அந்தப் படி அரிதாகத்தான் கிடைத்தது. ஆனாலும் தாமதத்தின் செலவைத் தாமதித்தவர் ஏற்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அதை நகரத்துக் காப்பீட்டுக்குக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. காரண எண்ணைப் பதிந்த அன்றே தொழிலாளியின் கைபேசிக்குத் தமிழிலோ மலையாளத்திலோ ஒரு செய்தி போகட்டும். தவறென்றால் 15 நாளில் மறுக்க வழியிருக்கட்டும். 15 நாளில் தீராத கிளெய்முக்கு வட்டி சேரட்டும். 730-ஆல் வகுப்பதை விட்டு, சந்தா கட்டிய நாட்களால் வகுக்கட்டும். இடையில் செய்த சில்லறை வேலையைச் சொன்னவருக்கு அந்த நாள் மட்டும் கழியட்டும். 30 நாளை ஏழாகக் குறைக்கட்டும்.

அதுவரை, இன்றைய விதிகளுக்குள் செய்யக்கூடியது சிறியது, ஆனால் உண்மையானது. நிறுத்தினார்கள் என்றால் வெள்ளைத்தாளில் ராஜினாமா எழுதிக் கையெழுத்துப் போடாதிருக்க வேண்டும். கணக்கு முடிக்க அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். கடைசி நாளை, சொன்னவரின் பெயரோடு, அன்றே கைபேசியில் குறுஞ்செய்தியாக முதலாளிக்கே அனுப்பி வைத்துக்கொள்ளலாம். சம்பளச் சீட்டுகளையும் காப்பீட்டுக் கார்டையும் பெட்டியோடு ஊருக்கு அனுப்பிவிடாமல் கையில் வைத்திருக்க வேண்டும். கிளெய்ம் தீரும்வரை வந்த வேலையைத் தள்ள வேண்டியதில்லை. 30 நாள் கடந்த பின் சேர்ந்தவர் அந்தத் தேதியைச் சொல்லிவிட்டால் அதுவரையிலான நாட்கள் அவருடையவை.

புதிய இடத்தில் சேரும் அன்று பழைய காப்பீட்டு எண்ணைக் கொடுக்க வேண்டும், அந்தப் பத்து இலக்கத்தை. "புது நம்பர் போட்டுக்கலாம், அதுதான் சுலபம்" என்பார்கள். புதிய எண்ணில் அவர் நேற்றுப் பிறந்தவர். பழைய ஆண்டுகள் எல்லாம் வேறு யாருடையனவோ ஆகிவிடும். பழைய எண்ணிலேயே சந்தா ஏறியிருக்கிறதா என்று முதல் மாதக் கடைசியில் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும். அடுத்த 78 நாள் அன்றிலிருந்துதான் எண்ணப்படுகிறது.